நேரா எடுத்த போட்டோ படுத்துக்கிட்டு பிரிண்ட் ஆகுதா? இர்ஃபான்வியூ – என் அனுபவம்

போன மாசம் எங்க அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், திருக்கடையூர்ல வெச்சு நடந்துச்சு. அப்பாயிக்கு இடுப்பு முடியாததால வர முடியல, மன்னார்குடி பக்கத்துல எங்க ஊர்லயே இருந்துட்டாங்க. பெத்த புள்ளையோட அறுபதாம் கல்யாணத்த கண்ணால பாக்க முடியலையேன்னு அவங்களுக்கு ஒரே வருத்தம். வாட்ஸ்அப்ல காட்டலாம்னா ஃபோன் வெளிச்சம் கண்ண கூசுது, விரல் லேசா பட்டாலே படம் ஓடிப்போயிடுது, ஒரு போட்டோவ கூட நிம்மதியா பாக்க முடியல அவங்களால. "கையில குடுடி, மடியில வெச்சு பாத்துக்கறேன்"னாங்க. வீட்லதான் கலர் பிரிண்டர் இருக்கே, இங்க் டேங்க் மாடல், போட்டோ பேப்பர் வாங்கிட்டு வந்து மேக்ஸி சைஸ்ல, அதாவது 4க்கு 6 இன்ச்ல, நானே போட்டு ஒரு ஆல்பம் பண்ணி குடுத்துடலாம்னு உக்காந்தேன்.

மொத நாள் ராத்திரியே 20 ஷீட் பாக்கெட்ல 9 ஷீட் வீணாச்சு. அம்மாவும் அப்பாவும் மாலை மாத்துற போட்டோ, ஃபோன்ல பாத்தா ரெண்டு பேரும் அழகா நிமிந்து நிக்கிறாங்க, பிரிண்டர் ஆப்ல அனுப்புனா பேப்பர்ல படுத்திருக்காங்க, மேலயும் கீழயும் வெள்ளையா பட்டை வேற. மாலையும் கழுத்துமா படுத்த மாதிரி இருந்த அந்த பிரிண்ட பாக்க எனக்கு மனசு பொறுக்கல, கிழிச்சு போடவும் கை வரல, பீரோவுக்குள்ள ஒரு கவர்ல போட்டு வெச்சேன். அடுத்து கலசத்துக்கு மேலருந்து எடுத்த போட்டோ தலைகீழா வந்துச்சு. அதுக்கடுத்து குரூப் போட்டோல பின்னாடி வரிசைல நின்ன பெரியப்பாவுக்கு நெத்திக்கு மேல இல்ல. அப்பா வந்து பாத்துட்டு "ஏம்மா, பிரிண்டர் ரிப்பேரா? சர்வீஸ்காரர கூப்புடட்டுமா?"ன்னு கேட்டாரு.

பிரிண்டர் ரிப்பேர் இல்ல. இத கண்டுபிடிக்க எனக்கு மூணு நாள் ஆச்சு, அதனாலதான் இத இவ்ளோ வெவரமா எழுதறேன். எங்க பிரிண்டர் பேர இங்க போடல, ஏன்னா இது ஒரு கம்பெனி மெஷின்ல மட்டும் வர்ற பிரச்சனை இல்ல, யார் வீட்டு பிரிண்டர்லயும் வரும். நான் பேர் சொல்லி எழுத வந்தது இத சரி பண்ணி குடுத்த ஒரு சின்ன சாஃப்ட்வேர பத்தி. இர்ஃபான்வியூ. ஓசில கெடைக்குது.

ஆனா அதுக்கு முன்னாடி என்னதான் நடக்குதுன்னு சொல்லிடறேன், இது தெரியாம எந்த சாஃப்ட்வேர் போட்டாலும் பேப்பர்தான் வீணாகும்.

நான் மொதல்ல பண்ணது எல்லாரும் பண்றதுதான், பிரிண்ட் செட்டிங்ல போர்ட்ரெய்ட்னு (நட்டுக்க) இருக்கறத லேண்ட்ஸ்கேப்னு (படுக்க) மாத்திப் பாத்தேன், சாஞ்சு வந்த போட்டோ நிமிந்துச்சு, ஆனா சரியா இருந்த போட்டோ சாஞ்சிடுச்சு. சரி பேப்பரத்தான் தப்பா வெச்சிருக்கேனோன்னு உருவி திருப்பி வெச்சேன், அதுக்கும் ஒன்னும் ஆகல. ஆகாது. 4க்கு 6 பேப்பர் இந்த மாதிரி வீட்டு பிரிண்டர்ல குறுகலான பக்கம் முன்னாடி போற மாதிரி மட்டும்தான் உள்ள போகும், அத படுக்க வெச்சு விடவே முடியாது. லேண்ட்ஸ்கேப்னு நம்ம போடறது பேப்பர திருப்பறதுக்கு இல்ல, அனுப்பறதுக்கு முன்னாடி படத்த 90 டிகிரி திருப்பி அனுப்புன்னு கம்ப்யூட்டருக்கு சொல்றது. இது புரிஞ்சப்புறம் நான் பேப்பர தொடறதயே விட்டுட்டேன். பேப்பர்ல பாக்க வேண்டியது ஒன்னே ஒன்னு, பளபளன்னு இருக்கற பக்கம் எதுன்னு. எங்களது பின்னாடி ட்ரே வெச்ச மாடல், பளபள பக்கம் நம்மள பாத்து இருக்கணும். முன்னாடி கீழ தட்டு உள்ள மாடல்ல பெரும்பாலும் கவுத்து வெக்கணும், மேனுவல பாத்துக்கங்க.

எனக்கு துப்பு கெடச்சது எங்க சித்தி அனுப்பின போட்டோவால. சித்தி வாட்ஸ்அப்ல அனுப்பின போட்டோல்லாம் தெளிவு கம்மி, ஆனா ஒன்னு கூட சாயல, எல்லாம் நேரா வந்துச்சு. நான் என் ஃபோன்லருந்து கேபிள் போட்டு ஒரிஜினலா எடுத்த நல்ல போட்டோதான் சாஞ்சு சாஞ்சு வந்துச்சு. நல்ல போட்டோ தப்பா வருது, மட்டமான போட்டோ சரியா வருது, இது எப்படின்னு அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரல.

காரணம் இதுதான். ஃபோனுக்குள்ள இருக்கற கேமரா சென்சார் படுக்கவசத்துல பொருத்தினது. நம்ம ஃபோன நட்டுக்க புடிச்சு எடுத்தாலும் அதுக்குள்ள பதிவாகறது படுத்த படம்தான். ஒவ்வொரு படத்தயும் அங்கயே திருப்பி எழுதறதுக்கு பதிலா ஃபோன் என்ன பண்ணுதுன்னா, படத்த அப்படியே போட்டுட்டு கூடவே "இத காட்டும்போது இந்தப் பக்கம் திருப்பி காட்டு"ன்னு ஒரு குறிப்பு எழுதி வெச்சிடுது. தேதி, நேரம், கேமரா பேருன்னு போட்டோவோட சேந்து வர்ற தகவல் இருக்கு இல்லையா, எக்ஸிஃப்னு சொல்லுவாங்க, 1995ல ஜப்பான்ல கொண்டு வந்தது, அதுக்குள்ள ஓரியன்டேஷன்னு ஒரு எடம் இருக்கு. அங்க 1லருந்து 8 வரைக்கும் ஒரு நம்பர். 1னா படம் நேரா இருக்கு, தொட வேணாம். 3னா தலைகீழ். 6னா வலது பக்கமா கால் சுத்து திருப்பணும், 8னா இடது பக்கமா. 2, 4, 5, 7 நாலும் கண்ணாடில பாக்கற மாதிரி மாறின படத்துக்கு, அது ரொம்ப அபூர்வமா வரும். ஃபோன நட்டுக்க வெச்சு எடுத்தா பெரும்பாலும் 6தான் இருக்கும்.

ஃபோன் கேலரி அந்த குறிப்ப படிச்சு நிமித்தி காட்டுது. விண்டோஸ் 8லருந்து வந்ததெல்லாம் படிக்குது. விண்டோஸ் 7ல இருந்த போட்டோ வியூவர் படிக்காது, அதனாலதான் இன்னும் பழைய கம்ப்யூட்டர் வெச்சிருக்கற ஜெராக்ஸ் கடைல பென்டிரைவ் குடுத்தா போட்டோ சாஞ்சு தெரியுது. அதே மாதிரி பிரிண்டர் ஆப் சிலது படிக்குது, சிலது படிக்கல. வாட்ஸ்அப் போட்டோவ அனுப்பும்போது சுருக்கறதோட நிக்காம படத்தயே நிஜமா திருப்பி வெச்சிட்டு குறிப்ப தூக்கி போட்டுடுது, அதான் சித்தி போட்டோ எங்க போனாலும் நேரா நின்னுச்சு. என் போட்டோல படம் படுத்துக்கிட்டும் குறிப்பு மட்டும் "நிமித்து"ன்னும் இருந்துச்சு, குறிப்ப படிக்காத எடத்துக்கு போனதும் படுத்துருச்சு.

இது தெரிஞ்சதும் செய்ய வேண்டியது என்னன்னு தெளிவாயிடுச்சு. போட்டோவ ஒரே ஒரு எடத்துலதான் திருப்பணும், அது போட்டோ ஃபைலுக்குள்ளயே, நிஜமாவே. அப்புறம் ஆப்ல திருப்பறது, பிரிண்டர் செட்டிங்ல திருப்பறது, இது எதையும் தொடக்கூடாது. ரெண்டு எடத்துல திருப்பினாதான் தலைகீழாகும்.

இதுக்குத்தான் இர்ஃபான்வியூ. இர்ஃபான் ஸ்கில்யான்னு ஒருத்தர், போஸ்னியால பொறந்து வியன்னால படிச்சவர், 1996லருந்து தனி ஆளா எழுதிட்டு வர்றாரு. அவர் பேருதான் சாஃப்ட்வேர் பேரு. வீட்டு உபயோகத்துக்கு இலவசம், கடைல தொழிலுக்கு வெச்சிக்கிட்டா லைசன்ஸ் வாங்கணும், ஸ்டுடியோ வெச்சிருக்கறவங்க அத வாங்கிடுங்க, ஒத்த மனுசன் இத்தன வருசமா பாத்துப் பாத்து செஞ்ச வேலை. சைஸ் ரொம்ப சின்னது, எங்க வீட்டு பழைய லேப்டாப்ல கூட கிளிக் பண்ண உடனே தொறக்குது. ஒன்னு கவனிக்கணும், பிளகின்னு கூடுதல் வசதிக்கு தனியா ஒரு ஃபைல் இர்ஃபான்வியூ சைட்லயே இருக்கும், அதயும் சேத்து போடணும், நமக்கு வேண்டிய திருப்பற வசதி அதுக்குள்ளதான் இருக்கு. சாஃப்ட்வேர் 64 பிட் போட்டா பிளகினும் 64 பிட்தான் போடணும், மாத்தி போட்டா வேலை செய்யாது.

போட்டதும் நான் மொதல்ல பண்ணது ஒரு சோதனை, இத எல்லாரும் ஒரு தடவ பண்ணிப் பாருங்க, ஒடம்பு சிலிர்த்துப் போச்சு எனக்கு. செட்டிங்ல ஜேபெக்கோட (ஜேபிஜின்னும் சொல்லுவாங்க, போட்டோ ஃபைல் வகை) ஆப்ஷன்ல, எக்ஸிஃப் குறிப்பு படி தானா திருப்பி காட்டுன்னு ஒரு டிக் இருக்கும். அந்த டிக்க எடுத்துட்டு போட்டோவ தொறங்க. குறிப்ப படிக்காத பிரிண்டர் ஆப் கண்ணுக்கு உங்க போட்டோ எப்படி தெரியுதோ அப்படியே தெரியும். எங்க அம்மா அப்பா மாலை மாத்துற போட்டோ ஸ்கிரீன்லயே படுத்துருச்சு. மூணு நாளா பேப்பர்ல மட்டும் பாத்தத ஸ்கிரீன்ல பாத்ததும்தான் பிரிண்டர் மேல தப்பு இல்லன்னு நம்புனேன். இதுக்கு ஒரு துளி மையும் செலவில்ல, ஒரு ஷீட்டும் வீணாகல. அப்புறம் ஐ-னு கீபோர்டுல அடிச்சா போட்டோ தகவல் வரும், அதுல எக்ஸிஃப் பட்டன அமுக்கினா குறிப்பு என்னன்னு பாக்கலாம். சில சாஃப்ட்வேர் நம்பரா காட்டும், சிலது டாப் லெஃப்ட், ரைட் டாப்னு வார்த்தையா காட்டும், டாப் லெஃப்ட்னா 1, ரைட் டாப்னா 6.

சரி பண்றது அத விட சுலபம். மொதல்ல போட்டோ மொத்தத்தயும் வேற ஃபோல்டர்ல ஒரு காப்பி எடுத்துடுங்க, ஏன்னா இது ஒரிஜினல் ஃபைல் மேலயே எழுதிடும். இர்ஃபான்வியூல டி (T) அடிச்சா எல்லா போட்டோவும் சின்னச் சின்னதா வரிசையா வரும், எல்லாத்தயும் செலக்ட் பண்ணி, ஜேபிஜி லாஸ்லெஸ் ஆபரேஷன்ஸ்னு மெனுல இருக்கறதுக்குள்ள போனா, எக்ஸிஃப் படி ஆட்டோ ரொட்டேட்னு கெடைக்கும். அவ்ளோதான். 112 போட்டோ இருந்துச்சு எங்கிட்ட, ஒரு வாய் காப்பி குடிச்சு வெக்கறதுக்குள்ள முடிஞ்சுது. எதெது 6ன்னு இருந்துச்சோ அதெல்லாம் நிஜமா திரும்பி குறிப்பு 1ன்னு மாறிடுச்சு, ஏற்கனவே 1ன்னு இருந்தத தொடவே இல்ல. ஒத்த போட்டோக்கு மட்டும் பண்ணணும்னா அத தொறந்து வெச்சிட்டு ஷிஃப்ட்டும் ஜே-யும்.

லாஸ்லெஸ்ங்கற வார்த்தைய சும்மா தாண்டிப் போகாதீங்க. ஜேபெக் போட்டோ சின்னச் சின்ன கட்டமா, 8க்கு 8, இல்லன்னா 16க்கு 16 பிக்சல் கட்டமா சேத்து வெச்சதுதான். சாதாரணமா திருப்பி சேவ் பண்ணா எல்லாத்தயும் பிரிச்சு மறுபடி சுருக்குவாங்க, அதுல ஒவ்வொரு தடவையும் தெளிவு கொஞ்சம் போகும். லாஸ்லெஸ்னா கட்டத்த பிரிக்காம கட்டத்தோட எடத்தயும் தெசையயும் மட்டும் மாத்தறது, ஒன்னும் கெடாது. ஒரு சின்ன விஷயம், படத்தோட அளவு 16ஆல சரியா வகுபடலன்னா ஓரத்துல மிச்சம் நிக்கும். 4032க்கு 3024ன்னு இருந்தா மீதியே இல்லாம வகுபடும். 4000க்கு 3000ன்னு இருந்தா 3000ல 8 மிச்சம், ஒரு ஓரத்துல 8 பிக்சல் வெட்டுப்படலாம், பேப்பர்ல பாத்தா அது ஒரு மில்லிமீட்டர் கூட வராது.

இதுல தப்பிச்சு நின்னது மேலருந்து எடுத்த போட்டோங்க. ஹோம குண்டம், கலசம், வாசல் கோலம், எலை சாப்பாடு. ஃபோன் எந்தப் பக்கம் மேலங்கறத பூமி இழுக்கற தெசைய வெச்சுதான் கண்டுபிடிக்குது, ஃபோன தரைய பாத்து படுக்க புடிச்சா அதுக்கு நாலு பக்கமும் ஒன்னுதான், எதோ ஒன்ன எழுதி வெச்சிடுது. குறிப்பே தப்பா இருக்கும்போது குறிப்பு படி திருப்பி என்ன பிரயோஜனம். இத நம்ம கண்ணாலதான் பாக்கணும். எலை சாப்பாடு போட்டோல எது மேல எது கீழன்னு யோசிச்சிட்டு இருந்தப்ப அம்மா எட்டிப் பாத்துட்டு "நுனி எலை வலது பக்கம் கெடக்கு, யாரு இப்புடி எலை போட்டது?"ன்னு கேட்டாங்க. யாரும் தப்பா போடல, படம் தலைகீழா இருக்கு. சாப்பிடறவங்களுக்கு நுனி இடது பக்கம் வரணும், அதான் இந்த மாதிரி போட்டோக்கு கணக்கு. 180 டிகிரி திருப்பினதும் ஊறுகாயும் உப்பும் அதது எடத்துக்கு வந்துருச்சு. கோலத்துல அப்படி ஒரு பக்கம் கெடயாது, அதனால வாசப்படி தெரியற பக்கத்த மேல வெச்சேன், தெருவுலருந்து பாத்தா அப்படித்தானே தெரியும்.

இன்னொரு தினுசு, கண்ணாடில பாக்கற மாதிரி மாறி வர்றது. தங்கச்சி எடுத்த செல்ஃபில கோயில் பேரு எழுதின போர்டு எழுத்தெல்லாம் தலமாறி இருந்துச்சு, முன் கேமரால சில ஃபோன் அப்படித்தான் சேவ் பண்ணும், ஐஃபோன்ல கேமரா செட்டிங்ல மிரர் ஃப்ரன்ட் கேமரான்னு இருக்கறத அணைச்சு வெச்சா வராது. எழுத்து இல்லாத போட்டோல எப்படி கண்டுபிடிக்கறது? பொடவை. சாதாரண கட்டுல மாராப்பு வலது தோள்ல கெடந்தா பெரும்பாலும் படம் மாறிருக்குன்னு அர்த்தம். இர்ஃபான்வியூல ஹெச் அடிச்சா இடம் வலம் மாறிடும், சேவ் பண்ணிக்கலாம். ஆனா ஸ்கிரீன்ல எழுத்து சரியா இருந்து பேப்பர்ல மட்டும் மாறி வந்தா அது போட்டோ கோளாறு இல்ல, பிரிண்டர் செட்டிங்ல மிரர் இமேஜ்னு டிக் ஆகிருக்கும். எங்க வீட்ல அதுவும் ஆச்சு. தம்பி பையன் போன வாரம் டி ஷர்ட்ல ஒட்டற பேப்பர்ல ஏதோ படம் போட்டான், அதுக்கு மாத்திதான் அடிக்கணும், அந்த டிக்க எடுக்காம போயிட்டான். "மறந்துட்டேன் அத்தை"ன்னான், பாவம், கொழந்த.

அடுத்து பெரியப்பா நெத்தி. இது திரும்பற பிரச்சனை மாதிரி தெரியும், பாதி அளவு பிரச்சனைதான். ஃபோன் போட்டோ 4க்கு 3, மேக்ஸி பேப்பர் 6க்கு 4, அதாவது 3க்கு 2. ரெண்டும் ஒன்னு இல்ல. பேப்பர் முழுக்க நெறயணும்னா போட்டோல ஒம்போதுல ஒரு பங்கு வெட்டுப்பட்டே ஆகணும். படுக்கவசத்துல எடுத்த குரூப் போட்டோன்னா மேலயும் கீழயும் போகும், அதான் பின் வரிசை தலை போச்சு. நட்டுக்க எடுத்ததுன்னா ரெண்டு ஓரமும் போகும், தலை தப்பிச்சிடும், ஓரத்துல நிக்கறவங்க பாதியாயிடுவாங்க. இதோட சேந்து படுக்க எடுத்த போட்டோவ நட்டுக்க வெச்ச பேப்பர் முழுக்க நெறச்சா பாதி படமே காணாம போயிடும். விண்டோஸ்ல போட்டோ மேல ரைட் கிளிக் பண்ணி பிரிண்ட் குடுத்தா வர்ற ஜன்னல்ல ஃபிட் பிக்சர் டு ஃப்ரேம்னு கீழ ஒரு டிக் ஆகியே இருக்கும், அது இருந்தா வெட்டும், எடுத்துட்டா வெட்டாது, ஆனா ஓரத்துல வெள்ளை விடும்.

வெட்டறத மெஷின் கையில விடாதீங்க. எங்க வெட்டணும்னு நம்மதான் முடிவு பண்ணணும், ஏன்னா அதுக்கு பெரியப்பா யாருன்னு தெரியாது. இர்ஃபான்வியூல ஷிஃப்ட்டும் சி-யும் அடிச்சா அளவு கேக்கும், 3க்கு 2ன்னு குடுத்தா ஒரு கட்டம் வரும், நட்டுக்க படமா இருந்தா 2க்கு 3, அந்த கட்டத்த நகத்தி எல்லார் தலையும் உள்ள வர்ற மாதிரி வெச்சு கண்ட்ரோல் ஒய் அடிச்சா வெட்டிடும். தலைக்கு மேல கொஞ்சம் எடம் விட்டே வெட்டுங்க, ஓரம் இல்லாம அடிக்கற பார்டர்லெஸ் போட்டா பிரிண்டர் படத்த லேசா பெருசாக்கித்தான் அடிக்கும், அதுலயும் ஓரத்துல கொஞ்சம் போகும். பெரியப்பா போட்டோக்கு நான் கீழ கார்பெட்ட வெட்டிட்டு மேல அப்படியே விட்டேன், செருப்பு இல்லாத கால் விரல் நுனி வரைக்கும் வந்துச்சு. வெட்டினப்புறம் மிச்சம் 1800க்கு 1200 பிக்சல் இருந்தா மேக்ஸிக்கு தாராளம், அது 300 டிபிஐ, அதாவது ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி கணக்கு.

பிரிண்ட் குடுக்கறது கண்ட்ரோல் பி (P). வர்ற ஜன்னல்ல பிரிண்டர் செட்டப்ப அமுக்கி பேப்பர் சைஸ் 4க்கு 6, பேப்பர் வகை கிளாஸி இத ரெண்டும் போட்டுட்டு, அப்புறம் பெஸ்ட் ஃபிட் டு பேஜ் வெச்சு, பக்கத்துல ஒரு சின்ன படம் காட்டும் அத பாத்துட்டு அடிங்க. எனக்கு இந்த சாஃப்ட்வேர்ல ரொம்ப புடிச்சது இதுதான், பேப்பர்ல எப்படி உக்காரும்னு முன்னாடியே காட்டிடுது. நான் ஒரு வழக்கம் வெச்சிக்கிட்டேன், நட்டுக்க போட்டோ எல்லாத்தயும் ஒரு ஃபோல்டர்லயும் படுக்க போட்டோ எல்லாத்தயும் இன்னொரு ஃபோல்டர்லயும் பிரிச்சு, மொதல்ல நட்டுக்க எல்லாம் போர்ட்ரெய்ட்ல அடிச்சு முடிச்சுட்டு, அப்புறம் ஒரே ஒரு தடவ லேண்ட்ஸ்கேப்புக்கு மாத்தி மிச்சத்த அடிச்சேன். செட்டிங்ல தொடக்கூடாதுன்னு சொன்னது சாஞ்ச போட்டோவ நிமித்தறதுக்கு, இது படுக்க எடுத்த படம் பேப்பர்ல முழுசா உக்காரறதுக்கு. கலந்து கட்டி அடிக்கும்போதுதான் கை தவறுது. ஒவ்வொரு வகைக்கும் மொதல்ல சாதா வெள்ளை பேப்பர மேக்ஸி அளவுக்கு வெட்டி ட்ராஃப்ட்ல (மை கம்மியா அடிக்கற செட்டிங்) ஒன்னு அடிச்சுப் பாத்துட்டேன், போட்டோ பேப்பர் விக்கற வெலைக்கு இது அவசியம்.

கொறைன்னு சொல்லணும்னா இருக்கு. பாக்கறதுக்கு பழைய காலத்து சாஃப்ட்வேர் மாதிரிதான் இருக்கும், மெனு மெனுவா தொங்கும், மொத தடவ தொறக்கறவங்களுக்கு எத தொடறதுன்னு தெரியாது. எங்க அப்பா பாத்துட்டு வேணாம்மான்னுட்டாரு. விண்டோஸ்ல மட்டும்தான் ஓடும், ஃபோன்லயோ மேக்லயோ கெடயாது. முக்கியமான வசதிய பிளகின்னு தனியா வெச்சிருக்கறது, அது தெரியாதவங்க மெனுல தேடித் தேடி ஓஞ்சு போவாங்க. ஐஃபோன் போட்டோ ஜேபெக்கா இல்லாம ஹெச்ஈஐசின்னு (HEIC) வேற வகை ஃபைலா வந்தா நேரா தொறக்காம போகலாம், அதுக்கு கூடுதலா ஒன்னு போடணும். ஐஃபோன் வெச்சிருக்கறவங்க விசேஷத்துக்கு முன்னாடியே கேமரா செட்டிங்ல ஃபார்மேட்ஸ்குள்ள போயி மோஸ்ட் கம்பாட்டிபிள்னு வெச்சிக்கிட்டா ஜேபெக்காவே வரும், இந்த தலவலியே இல்ல.

கம்ப்யூட்டரே இல்ல, ஃபோன் மட்டும்தான்னா கூகுள் போட்டோஸ்ல எடிட்டுக்குள்ள கிராப்ல இருக்கற திருப்பற பட்டன அமுக்கி, அளவயும் அங்கயே வெட்டி, காப்பியா சேவ் பண்ணி, அந்த காப்பிய பிரிண்டருக்கு அனுப்புங்க. 112 போட்டோக்கு அப்படி ஒன்னொன்னா பண்ண கை வலிக்கும், நாலஞ்சுக்கு போதும். லினக்ஸ், மேக் வெச்சிருக்கறவங்களுக்கு கிம்ப்னு (GIMP) ஒரு இலவச போட்டோ சாஃப்ட்வேர் இருக்கு, அது போட்டோ தொறக்கும்போதே "இதுல திருப்பச் சொல்லி குறிப்பு இருக்கு, திருப்பட்டுமா"ன்னு கேக்கும், ஆமான்னு சொல்லி எக்ஸ்போர்ட் பண்ணிக்கலாம். அப்படி கேட்டுட்டு செய்யற பழக்கம் எனக்கு புடிச்சிருக்கு.

ஒரு எச்சரிக்கை மட்டும். சில சாஃப்ட்வேர் படத்தயும் நிஜமா திருப்பிட்டு பழைய 6ங்கற குறிப்பயும் அழிக்காம விட்டுடும். அந்த மாதிரி போட்டோ ஒரு எடத்துல நேராவும் இன்னொரு எடத்துல சாஞ்சும் தெரியும், நம்ம மறுபடி மறுபடி திருப்பிக்கிட்டே இருப்போம். மச்சான் ஏதோ ஆப்ல எடிட் பண்ணி அனுப்பின மூணு போட்டோ அப்படி இருந்துச்சு. மேல சொன்ன அந்த டிக்க எடுத்துட்டு பாத்தா நேரா இருக்கு, டிக்க போட்டா சாயுது, இப்படி இருந்தா ஆட்டோ ரொட்டேட் குடுக்காதீங்க, கெட்டுடும். டிக் இல்லாம தொறந்து, சேவ் பண்ற ஜன்னல்ல ஒரிஜினல் எக்ஸிஃப்ப வெச்சிக்கங்கறத எடுத்துட்டு, தரம் 95 வாக்குல வெச்சு புது பேர்ல சேவ் பண்ணிடுங்க. குறிப்பே இல்லன்னா அப்புறம் எவன் படிச்சா என்ன, படிக்காட்டி என்ன.

சொந்தக்காரங்ககிட்ட போட்டோ வாங்கும்போது வாட்ஸ்அப்ல டாகுமென்ட்டா அனுப்ப சொல்லுங்க, ஒரிஜினல் தெளிவு அப்படியே வரும், சாதாரணமா அனுப்பினா நீளப்பக்கம் 1600 பிக்சல் வாக்குல சுருங்கிடுது. டாகுமென்ட்டா வந்தா குறிப்பும் சேந்து வரும், அதனால மேல சொன்ன ஆட்டோ ரொட்டேட்ல அதயும் ஒரு ஓட்டம் விட்டுடுங்க. சித்திகிட்ட மறுபடி டாகுமென்ட்டா வாங்கித்தான் தாலி கட்டற போட்டோவ அடிச்சேன், மொதல்ல வந்ததுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், அம்மா பொடவை சரிகை நூல் நூலா தெரியுது.

மொத்தம் 48 போட்டோ அடிச்சேன், வெள்ளிக்கிழமை ஊருக்கு எடுத்துட்டுப் போனோம். அப்பாயி திண்ணைல உக்காந்து ஆல்பத்த மடியில வெச்சு ஒவ்வொன்னா விரலால தடவித் தடவி பாத்தாங்க. ஒரு போட்டோக்கு கூட தலைய சாய்க்கல, ஆல்பத்த ஒரே ஒரு தடவதான் திருப்புனாங்க, படுக்க போட்டோங்க ஆரம்பிக்கற எடத்துல. மாலை மாத்துற போட்டோல ரொம்ப நேரம் நின்னுட்டு, "என் புள்ள நல்லா நிமிந்து நிக்கிறான்"னாங்க. எலை சாப்பாடு போட்டோக்கு வந்ததும் பருப்பு உருண்ட குழம்பு யாரு வெச்சதுன்னு கேட்டாங்க. வீட்டுக்கு திரும்பறப்ப இன்னும் ஒரு ஆல்பம் கேட்டாங்க, என் கல்யாண போட்டோ, 2009ல பழைய டிஜிட்டல் கேமரால எடுத்தது. அதுல பாதிக்கு மேல குறிப்பே இல்ல, எல்லாத்தயும் கண்ணால பாத்துதான் ஆர், எல் அடிச்சு திருப்பணும். இந்த ஞாயித்துக்கிழமை உக்காரப் போறேன்.